காருக்குள் சாலை இரைச்சல்: நாமே ஷீட் ஒட்டினால் குறையுமா?

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஏழு வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. என்ஜினில் குறை இல்லை, மைலேஜும் பரவாயில்லை. ஒரே தொல்லை இரைச்சல்தான். 60-ஐத் தாண்டினாலே அடியிலிருந்து 'ஹோ'வென்று கிளம்புகிறது. 80-இல் பின் சீட்டில் இருப்பவரிடம் பேசக் கத்த வேண்டும்.

இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். இப்போது மாதம் இரண்டு முறை அம்மாவைக் கோவைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு 74 வயது, காதுக்கு மிஷின் வைத்திருக்கிறார். அவிநாசி தாண்டியதும் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுகிறார். "உன் கார் போடுற சத்தத்தையும் சேர்த்துத்தானே இது பெருசாக்குது" என்கிறார். அப்புறம் கோவை வரை பேச்சே கிடையாது.

கடையில் விசாரித்தேன். கதவு, தரை, டிக்கி, கூரை எல்லாவற்றிலும் சத்தம் அடக்கும் ஷீட் ஒட்ட 35,000 என்றார்கள். மனசு வரவில்லை. ஷீட் வாங்கி நானே ஒட்டலாம் என்று இருக்கிறேன். வீட்டு மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் நான்தான் கழற்றி மாட்டுவேன், அதனால் கருவிகள் பழக்கம்தான். எவ்வளவு ஷீட் வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

---

பழைய_டீசல் (சேலம்)

ஷீட் இருக்கட்டும். டயர் எப்போது மாற்றினீர்கள்?

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, வண்டி ஆறியதும் டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். கம்பி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும், மெதுவாக. ஒரு பக்கம் போனால் வழவழ, திரும்பி வந்தால் ரம்பப் பல் மாதிரி கையில் தட்டுகிறது என்றால் டயர் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது போடும் 'ஊ' சத்தத்தை எந்த ஷீட்டும் அடக்காது.

இன்னொன்று வீல் பேரிங். ஆளில்லாத நேராக இருக்கும் சாலையில் 60-இல் போகும்போது ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். வண்டியின் பாரம் இடப்பக்கம் விழும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்க பேரிங் மேல் சந்தேகப்படலாம். இடப்பக்கம் சாய்த்துக் கூடினால் வலப்பக்கம். எப்படித் திருப்பினாலும் மாறவில்லை என்றால் பெரும்பாலும் டயரும் சாலையும்தான்.

நான் ஒரு காலத்தில் கதவு முழுக்க ஒட்டி முடித்து, மூன்று மாதம் கழித்து பேரிங்தான் குற்றவாளி என்று கண்டுபிடித்தவன். அந்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

---

சும்மா_வந்தேன்

முட்டை அட்டை ஒட்டினால் ஆகாதா? ஸ்டூடியோவில் எல்லாம் ஒட்டியிருப்பார்களே.

---

ஒலியன் (பெங்களூரு)

முட்டை அட்டை கீச்சுக் குரலைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். கார்த் தரையிலிருந்து வரும் 'ஹோ' அதை மதிக்கவே மதிக்காது. ஆனால் எலி மதிக்கும்.

நொய்யல்கரை, கடையில் எல்லாவற்றையும் 'டேம்பிங்' என்று ஒரே பெயரில் விற்பார்கள். உள்ளே மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை, தகட்டின் அதிர்வை அடக்குவது. கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. டயர் உருளும் நடுக்கம் சஸ்பென்ஷன் வழியாக பாடிக்கு ஏறி, இந்தத் தகடுகளைத் தம்பட்டமாக்கிவிடுகிறது. அதற்குத்தான் மேலே அலுமினியத் தாளும் கீழே பியூட்டைல் ரப்பரும் உள்ள ஷீட். தகடு நெளியும்போது இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மாட்டிய ரப்பர் இழுபட்டு, அந்த ஆற்றலைச் சூடாக மாற்றிவிடும். அலுமினியம் இல்லாத வெறும் ரப்பர் இந்த வேலையை அரைகுறையாகத்தான் செய்யும். வாங்கும்போது தாளின் தடிமனையும் கேளுங்கள்.

இரண்டாவது, காற்று வழியாக வரும் சத்தத்தை மறிப்பது. இதற்கு எடை வேண்டும், ஓட்டை இல்லாமல் மூட வேண்டும். கனமான வினைல் விரிப்பு என்று கிடைக்கும். சதுர மீட்டருக்கு 5 கிலோ வரை இருக்கும். எடையை இரட்டித்தால் கணக்குப்படி 6 டெசிபல் குறையும். ஆனால் சின்ன இடைவெளி இருந்தாலும் சத்தம் அது வழியாக வந்துவிடும். தொட்டியில் ஓட்டை மாதிரிதான்.

மூன்றாவது, உள்ளே வந்த சத்தத்தை உறிஞ்சுவது. பஞ்சு, ஃபெல்ட், ஃபோம் எல்லாம் இந்தக் கட்சி.

தோராயமாக 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது பாடி வழியாக ஏறி வருவது, அதற்கு மேல் உள்ளது காற்று வழியாக நுழைவது. உங்கள் 'ஹோ' பெரும்பாலும் கீழ்க் கட்சிதான். அம்மாவுக்குப் பேச்சு புரியாததற்கும் அதுதான் முக்கியக் காரணமாக இருக்கும். தாழ்ந்த இரைச்சல் தனக்கு மேலே உள்ள பேச்சொலியையும் சேர்த்து மூடிவிடும்.

---

நொய்யல்கரை

பழைய_டீசல் ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை. முன் டயர்கள் மூன்று வருடத்துக்கு முன் மாற்றியவை. பின் டயர் இரண்டிலும் 1218! வண்டியோடு வந்தவை. தடவிப் பார்த்தேன், தேங்காய்த் துருவி மாதிரி இருக்கிறது. ஸ்டியரிங் சாய்த்தும் பார்த்தேன், சத்தத்தில் மாற்றம் இல்லை. அப்படியானால் பேரிங் தப்பித்தது என்று வைத்துக்கொள்ளலாமா?

---

பழைய_டீசல்

வைத்துக்கொள்ளலாம். எதற்கும் டயர் மாற்றும்போது சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரகரப்பு இருந்தால் கையிலேயே தெரியும். புது டயர் போட்டபின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் சொன்ன காற்று மட்டும் அடியுங்கள். பெட்ரோல் பங்கில் கேட்காமலேயே இரண்டு பாயிண்ட் கூடுதலாக ஏற்றிவிடுவார்கள். டயர் கல்லாகி, சாலையில் உள்ளதையெல்லாம் உள்ளே அனுப்பும்.

---

சிஎஸ்டி_தமிழன் (மும்பை)

சாலையையும் கணக்கில் எடுங்கள். மும்பை–புனே விரைவுச்சாலை சிமெண்ட் தளம். அதில் என் கார் போடும் சத்தத்தைக் கேட்டு, போன வருடம் வாங்கிய வண்டியையே மாற்றலாமா என்று யோசித்தேன். ஊருக்கு வந்து தார்ச் சாலையில் ஓட்டினால் அதே வண்டி பூனை மாதிரி போகிறது.

---

ஒலியன்

உண்மை. இங்கே பெங்களூரில் வெள்ளைத் தளம் போட்ட தெருவில் திரும்பியதும் பாட்டின் ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அதனால் முன்னும் பின்னும் அளக்கும்போது ஒரே சாலை, ஒரே தடம், ஒரே வேகம், ஏசி விசிறி ஒரே எண்ணில் இருக்க வேண்டும். போன் செயலி காட்டும் டெசிபல் சரியான எண்ணாக இருக்காது. ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்தால் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம்.

---

பிட்டர்_பாலு (சென்னை)

கார் அக்சசரி வேலையில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். நண்பர்கள் சொல்வது சரிதான், ஆனால் செய்வதை முழுசாகச் செய்யுங்கள். இண்டு இடுக்கு விடாமல் நூறு சதவீதம் ஒட்டினால்தான் பலன். அங்கங்கே துண்டு ஒட்டினால் பணமும் போச்சு, சத்தமும் நிற்காது. வாடிக்கையாளர்கள் முழு வேலை முடித்த வண்டியில் கதவைச் சாத்திப் பார்த்ததும் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

---

மல்லிகைப்பந்தல் (மதுரை)

பாலு சார், கதவு சாத்தும் 'தப்' சத்தத்துக்கும் சாலை இரைச்சலுக்கும் சம்பந்தம் குறைவு. கதவு 'தப்' என்று விழுந்தால் பெரிய கார் மாதிரி தோன்றும், அதில் எல்லோரும் மயங்கிவிடுவோம். நானும் மயங்கினேன். முதல் கதவை முழுக்க ஒட்டினேன், அடுத்த கதவில் நடுப்பகுதி மட்டும். தட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

தம்பி நொய்யல்கரை, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று இழுத்தால் அங்கே ஷீட் வேண்டும். 'டொக்' என்று நின்றால் வேண்டாம். தரையில் பல இடங்களில் கம்பெனியே தார் ஷீட் உருக்கி ஒட்டியிருப்பார்கள், அங்கே மறுபடி ஒட்டுவது வீண். தகட்டில் மடிப்பும் வளைவும் உள்ள இடமெல்லாம் தானாகவே விறைப்பாக இருக்கும். தட்டையாக விரிந்து கிடக்கும் நடுப்பகுதிதான் அதிரும்.

நான் செய்த வரிசை: டிக்கி முதலில். ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் சுவரே இல்லை, பின் சக்கரம் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் கத்துகிறது. டிக்கியின் பக்க டிரிம்மை (உள்பக்கத்து மூடியை) கழற்றினால் சக்கர வளைவு தெரியும். அதன் மேலும், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்திலும் ஒட்டுங்கள். பிறகு பின் கதவுகள், பிறகு முன் கதவுகள். கூரை வேண்டாம். அது பெரும்பாலும் மழைச் சத்தத்துக்குத்தான் உதவும். மேலே கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் கை வைக்கவே கூடாது.

வேலை முறை சொல்கிறேன். கையுறை கட்டாயம். அலுமினிய ஓரம் பிளேடு, என் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. தகட்டை முதலில் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு முறை துடையுங்கள். தூசி இருந்தால் இன்றைக்கு ஒட்டும், சித்திரை மாதம் உரிந்து தொங்கும். ஒட்டியபின் சின்ன உருளையால் அழுத்தித் தேயுங்கள், தாளில் இருக்கும் புடைப்புக் கோலம் சப்பையாகும் வரை. உள்ளே காற்று நின்றால் அந்த இடம் சும்மா. நம் ஊர் வெயிலில் ஹீட் கன்னே வேண்டாம், ஷீட்டைப் பத்து நிமிடம் மொட்டை மாடியில் போட்டால் போதும்.

கதவில் கழற்றும் திருகுகள் கைப்பிடிக் குழியிலும் சின்ன மூடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். அதற்கப்புறம் கிளிப். அதில் நாலைந்து உடையும், உடையாது என்று நினைத்துத் தொடங்காதீர்கள், பத்து கிளிப் முன்னாலேயே வாங்கி வையுங்கள்.

ஒட்டுமுன் கண்ணாடியை முழுக்க இறக்கி, அது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். பூட்டுக் கம்பி, வயர் எதன் மேலும் படக் கூடாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். அவற்றை மூடவே கூடாது.

---

பிட்டர்_பாலு

அக்கா சொன்ன வேலை முறை அத்தனையும் சரி, அதை ஏற்கிறேன். ஆனால் துண்டு துண்டாக ஒட்டினால் வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். உள்ளே திறந்து பார்த்து "ஏமாத்திட்டே" என்பார்.

---

ஒலியன்

அது நியாயமான வியாபாரக் காரணம், ஒலிக் காரணம் இல்லை. அதிர்வை அடக்கத் தட்டையான பகுதியில் நாலில் ஒரு பங்கு முதல் பாதி வரை மூடினால் பலனில் பெரும்பகுதி வந்துவிடும். மீதியை மூட மூட எடை ஏறுகிறதே தவிர, காதுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. கார் முழுக்க மூன்று அடுக்கு ஒட்டியவர்கள் ஒரு ஆளைக் கூடவே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நூறு சதவீதம் மூட வேண்டியது, மறிப்பதற்காகப் போடும் கனமான வினைலுக்குத்தான். இரண்டையும் குழப்பியதில்தான் இந்தச் சண்டையே.

---

சும்மா_வந்தேன்

வீட்டுக் கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் விலை பாதிதானே? அதுவும் அலுமினியம் போட்டுத்தான் வருகிறது.

---

பிட்டர்_பாலு

வேண்டவே வேண்டாம் தம்பி. என் கடைக்கு உரிக்க வரும் வண்டிகளில் பாதி அதுதான். மே மாதம் மதியம் நிறுத்தி வைத்த வண்டியில் தார் இளகி வழியும், ஏசி போட்டாலும் சாலை போடும் இடத்தில் உட்கார்ந்த மாதிரி வாடை. உரிக்க மண்ணெண்ணெய், கரண்டி, ஒரு முழு நாள். வாங்குமுன் ஒரு துண்டைக் கையில் உருட்டி முகர்ந்து பாருங்கள். தார் வாடை அடித்தால் பெட்டியில் பியூட்டைல் என்று எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள்.

---

மூணாவது_மாடி (வேளச்சேரி)

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை: தண்ணீர். 2015 டிசம்பரில் என் கார் சீட் மட்டம் வரை மூழ்கியது. அதற்கு முந்தின வருடம்தான் தரைக் கம்பளத்துக்கு அடியில் தடிமனாகப் பஞ்சு ஃபெல்ட் போட்டிருந்தேன். வெள்ளம் வடிந்தது, வண்டி ஓடியது, ஃபெல்ட் மட்டும் மாதக் கணக்கில் காயவே இல்லை. பூஞ்சை வாடை. கடைசியில் எடுத்துப் பார்த்தால் கீழே தகட்டில் துரு.

வெள்ளம்தான் வேண்டும் என்று இல்லை. ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்தாலே முன் சீட் காலடி நனைந்துவிடும். தரைக்கு ஏதாவது போடுவதென்றால் தண்ணீர் குடிக்காத மூடிய குமிழ் ஃபோம் மட்டும் போடுங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கி, எடுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் காருக்கு ஆகாது.

---

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. முதல் கட்டம் முடிந்தது. பின் டயர் இரண்டும் புதிது, நாலு சக்கரத்துக்கும் அலைன்மென்ட். அளந்த இடம் தேசிய நெடுஞ்சாலை 544-இல் தெக்கலூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில், 80 கி.மீ. வேகம், ஞாயிறு காலை ஆறு மணி. பழைய டயரில் போன் செயலி 72 டெசிபல் காட்டியது, புது டயரில் 69. எண் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் அந்த 'ஊ' சுத்தமாகப் போய்விட்டது. 'ஹோ' இன்னும் இருக்கிறது.

தரையைத் தொடவில்லை. சீட்டைக் கழற்ற வேண்டும், அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கிறது.

---

பழைய_டீசல்

நல்ல முடிவு. மஞ்சள் என்றால் ஏர்பேக், பெல்ட் சமாசாரம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் அதில் கை வைக்கக் கூடாது. கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், அதை அணைக்க சர்வீஸ் சென்டர் போக வேண்டி வரும்.

கதவு பீடிங்கையும் (ஓரத்தில் ஓடும் ரப்பர்) பாருங்கள். பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவி வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. 100-க்கு மேல் கேட்கும் 'ஸ்ஸ்' எல்லாம் அதுதான்.

---

நொய்யல்கரை

இரண்டாம் கட்டம். பத்து ஷீட் வாங்கினேன், ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு இரண்டரை அடி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. டிக்கி, சக்கர வளைவு, ஸ்டெப்னிப் பள்ளம், நாலு கதவிலும் நடுப்பகுதி. எட்டு ஷீட் தீர்ந்தது. கிளிப் ஏழு உடைந்தது (அக்கா வாக்கு பலித்தது).

சக்கர வளைவில் ஒட்டியபின் உள்ள வித்தியாசம் கல் தெறிக்கும்போது தெரிகிறது. முன்பு தகர டப்பாவில் பட்டாணி போட்ட மாதிரி இருக்கும், இப்போது தலையணையில் போட்ட மாதிரி. பின் வலது கதவில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது, பீடிங்கும் மாற்றினேன்.

ஆனால் ஒரு கூத்து. நேற்று வண்டியைக் கழுவியபின் ஓட்டினால் பிரேக் போடும்போதெல்லாம் இடது பின் கதவுக்குள் 'சளக் சளக்' என்கிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. அம்மாவுக்கு மிஷின் இல்லாமலேயே கேட்டுவிட்டது.

---

மல்லிகைப்பந்தல்

தம்பி, படித்துப் படித்துச் சொன்னேனே! வடியும் ஓட்டையில் ஷீட் ஓரம் இறங்கியிருக்கிறது. இன்றைக்கே கதவின் கீழ் விளிம்பில் அடியிலிருந்து ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பை விட்டுத் தூக்குங்கள், தண்ணீர் கொட்டும். பிறகு டிரிம்மைக் கழற்றி, அந்த ஓரத்தை இரண்டு அங்குலம் வெட்டி எடுங்கள். தள்ளிப் போட்டால் துருதான். டிரிம்முக்கு உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாளைத் திரும்ப நன்றாக ஒட்டினீர்களா? அது விட்டுப்போனால் மழையில் கம்பளம் நனையும்.

---

நொய்யல்கரை

ஒரு செம்பு தண்ணீர் வந்தது. வெட்டி எடுத்துவிட்டேன். பிளாஸ்டிக் தாளையும் மறுபடி ஒட்டிவிட்டேன்.

இப்போது எண்: 68. எட்டு ஷீட்டுக்கும் இரண்டு ஞாயிறுக்கும் ஒரே ஒரு டெசிபல்! ஆனால் காதுக்கு அப்படித் தோன்றவில்லை. 80-இல் பின் சீட்டோடு சாதாரணமாகப் பேச முடிகிறது. ஒலியன், நான் செலவு செய்ததை மனசு நியாயப்படுத்துகிறதா?

---

ஒலியன்

கொஞ்சம் அதுவும் இருக்கும், யாருக்குத்தான் இல்லை. ஆனால் முக்கியக் காரணம் செயலி. அது வழக்கமாக 'ஏ' எடையிட்ட அளவைக் காட்டும். அதில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுவார்கள். 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபலைக் கழித்துவிடும். நீங்கள் அடக்கியது அந்தத் தாழ்ந்த பகுதியைத்தான். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவு செயலியில் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். பழைய நிலைக்கு 'சி' அளவு உங்களிடம் இல்லை, அதை முதலிலேயே சொல்லாதது என் தப்பு.

அம்மாவின் மிஷின் டிஜிட்டல் என்றால், பொருத்திக் கொடுத்த செவித்திறன் நிபுணரிடம் காருக்கென்று தனி அமைப்பு வைக்க முடியுமா என்று கேளுங்கள். பல மிஷின்களில் இரைச்சலைக் குறைக்கும் அமைப்பு உண்டு. காரில் பேசுபவர் எதிரே இல்லை, பக்கத்திலோ பின்னாலோ இருக்கிறார். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

---

நொய்யல்கரை

கேட்டேன். இரண்டாவது அமைப்பு ஒன்று வைத்துக் கொடுத்தார்கள், பொத்தானை அமுக்கினால் மாறுகிறது. நேற்று அம்மா நீலம்பூர் வரை மிஷினைக் கழற்றவில்லை. வழி முழுக்க நான் ஓட்டும் லட்சணம் பற்றித்தான் பேச்சு.

மிச்சம் இரண்டு ஷீட் இருந்தது. தரையைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா சமையலறை ஸ்டீல் சிங்க்கைத் தட்டிக் காட்டி, "இதுவும் டங்குங்குது" என்றார். அடியில் ஒன்றை ஒட்டிவிட்டேன். இப்போது 'டொக்'.

---

மல்லிகைப்பந்தல்

குழாய் இணைப்பின் மேல் ஒட்டிவிடவில்லையே?